மூன்று சுற்றுச் சிவப்பு நூல்

தருவைகுளத்தில் வலை கிழிந்தாலும் கயிறு நைந்தாலும் கடலிலேயே வெட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். ரெக்ஸும் போன மாதம் ஒரு பச்சைக் கயிற்றை அப்படித்தான் எறிந்தான். பழைய நைலான் கயிறு மாதிரி இதுவும் அடியில் போய்க் கிடக்கும் என்று நினைப்பு. தனக்குத் தெரியாதது கடலில் ஒன்றுமில்லை என்ற மிதப்பு அவனுக்கு எப்போதுமே உண்டு.

மனைவி விஜிலா மகளிர் குழுப் பயிற்சிக்குப் போய்வந்தவள். “அது பாலிப்ரோப்பிலீனுங்க, தண்ணியில மிதக்கும். சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் கைகோத்து சங்கிலியா நிக்குமாம். அந்தக் கைய உப்புத் தண்ணி லேசுல பிரிக்காது,” என்று சொல்லத்தான் செய்தாள். காதில் வாங்கினால்தானே.

செவ்வாய்க்கிழமை காலை கரை திரும்பும்போது, துறைமுகத்துக் கப்பல் பாதையில் அதே ஊர் மீனவன் அமலனின் படகு ஆளில்லாமல் நிற்பதை ரெக்ஸ் பார்த்தான். சுற்றிச் சுற்றித் தேடியதில், காலி மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி அமலன் மிதந்துகொண்டிருந்தான். தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதாம். குனிந்து அறுக்கப் போனவனை அலை தூக்கி வெளியே போட்டுவிட்டது. கூடவே விழுந்த கேன்தான் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்தான், ஒன்று கொல்லப் பார்த்தது, இன்னொன்று காப்பாற்றியது.

அமலனைத் தன் படகில் ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு, ரெக்ஸ் அவன் படகை நெருங்கி அந்த விசிறியைப் பார்த்தான். பச்சைக் கயிறு. நுனியில் சிவப்பு நூல், மூன்று சுற்று. ஊரில் ஒவ்வொரு படகுக்காரனும் தன் கயிற்றில் ஓர் அடையாளம் கட்டுவான். மூன்று சுற்றுச் சிவப்பு ரெக்ஸுடையது. அமலன் கண் மூடிக் கிடந்தான். ரெக்ஸ் நுனியை அறுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ரெக்ஸுக்கு நன்றியாகப் பூசை வைப்பதாக அமலனின் மனைவி பிளாரன்ஸ் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் எல்லார் முன்னாலும் எந்த முகத்தோடு நிற்பது? சனிக்கிழமை சாயங்காலம் அமலன் வீட்டுக்குப் போய், அந்த நுனியை அவன் கையில் வைத்தான்.

“ஏலே அமலா, இது எங்கயிறு. நாந்தான் வெட்டிப் போட்டேன். அந்தப் பூசை வேண்டாம்லே.”

அமலன் நூலைத் தடவிப் பார்த்தான். மூன்று சுற்றையும் விரலால் எண்ணினான்.

“பூசை உண்டு,” என்றான் கடைசியில். “கயிறு ஒன்னோடதுதான். ஆனா நீ தேடி வரலன்னா எம்புள்ளைக்கு அப்பன் இல்ல.”

மாதாவுக்கும், எதிரில் இருந்தவனுக்கும், அந்தக் காலிக் கேனுக்கும்கூட நன்றி சொல்ல ரெக்ஸுக்குத் தோன்றியது. அமலனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நானும் வருசத்துக்கு நாலு கயிறு வெட்டிப் போடுதேன்,” என்றான் அமலன். “அது யாரு விசிறியில சுத்துச்சோ, எந்த ஆமை கழுத்துல மாட்டுச்சோ. நீ எங்கிட்ட வந்து சொல்லிட்ட. நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?”