சுருளியைத் தாண்டிப் பந்து போனதில்லை

நான் மூன்று வருஷம் கோல் காத்தேன். அந்த மூன்று வருஷத்தில் பந்து என் கையில் பட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஆட்டம் தொடங்கும் முன்னால், காற்றடிக்கச் சொல்லிக் கையில் தந்தபோது.

நம்பாதவர்கள் குரங்கணிக்கு மேலே ஏறி எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆடுகளம் இன்னும் அப்படியேதான் சாய்ந்து கிடக்கிறது.

இதெல்லாம் நடந்து முடிந்தது இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்கு இரண்டு வருஷம் முந்தி. தோட்டத்துத் துரை கப்பலில் ஒரு தோல் பந்தை வரவழைத்து, எங்களில் பதினோரு பேரைப் பொறுக்கி, ஒரு மாதம் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். பிறகு காய்ச்சல் கண்டு சீமைக்குப் போய்விட்டார். பந்தும் நாங்களும் ஒச்சப்பன் கங்காணியின் பொறுப்பில் நின்றோம். அந்தச் சரிவில் சமதரை ஏது? ஒரு கோல் மேலே, இன்னொன்று கீழே. மேல்கோலில் நின்று பார்த்தால் கீழ்க்கோல்காரனின் உச்சந்தலைச் சுழி தெரியும்.

மேல்கோலுக்குப் பின்னால் கருப்பன் கல் இருந்தது. ஆட்டத்தன்று அங்கே சேவல் அறுப்போம். அறுத்தவன் சாமியைப் பின்னால் காவல் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். காட்டுக்குள் காய் எடுக்கப் போகிற நாளிலும் அதுதான் முறை. பாதி ஆட்டத்தில் இரு கட்சியும் பக்கம் மாற வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். நாங்கள் மாறலாம், கருப்பன் மாறுவாரா? ஆகவே மேல்பக்கம் எப்போதும் எங்களுக்கு. மற்ற தோட்டத்துக் கட்சிக்காரர்கள் மூன்று மணி நேரம் மலையேறி வருவார்கள். கருப்பனோடு வம்பு எதற்கு என்று கீழ்ப்பக்கம் போய் நிற்பார்கள். அவர்கள் உதைக்கிற பந்து பாதிச் சரிவு வரைக்கும் ஏறும், கொஞ்சம் யோசிக்கும், வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஒரு தடவை கீழே தப்பிய பந்து நிற்காமல் உருண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கே போய்விட்டது. அங்கே மலைமேல் சாமான் ஏற்றுகிற கம்பிப்பாதைக்காரர்கள் அதை அரிசி மூட்டைக்கு மேலே வைத்து அனுப்பினார்கள். அது வந்து சேரும்வரை இரண்டு கட்சியும் கஞ்சி குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நட்ட மூங்கில் கோல்கம்பம் துளிர்விட்டுக் கொப்பும் கிளையுமாக நின்றது. அதில் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போனது. அந்த மாதிரி அமைதியான இடம் அது.

எனக்கு முன்னால் நின்றவன் சுருளி. கோலுக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிற அந்த இடத்துக்குப் பேக் என்று பெயர். சுருளிக்குப் பத்தொன்பது வயசு. தோட்டத்தில் களை வெட்டுகிற ஆள், நல்ல பையன், பந்தைக் கண்டால் கொஞ்சம் பயம். மூன்று வருஷத்தில் அவனைத் தாண்டி ஒரு பந்து போனதில்லை. அவன் வரைக்கும் வந்ததும் இல்லை. ஒருநாள் மட்டும் சூறைக்காற்று தூக்கி வந்த ஒரு பந்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் நெற்றியில் மோதித் திரும்பியது. திரும்பிய பந்து சரிவில் வேகம் பிடித்துக் கீழ்க்கோலுக்குள் போய், கோல்காரனையும் கூட்டிக்கொண்டு நாற்பதடி போனது.

அன்றைக்குப் பிடித்தது சனி. பிள்ளை பெற்றவர்கள் குழந்தையின் நெற்றியை அவன் நெற்றியோடு ஒட்டவைத்து எடுத்துப் போனார்கள். அரிவாள் காலில் பட்டுவிடும் என்று அவனுக்குக் களை வெட்டு நின்றது. சமையற்கட்டு இருளம்மாள் தினமும் இரண்டு முட்டை வைத்தாள். இப்போது எப்படி ஆடுகிறான் என்று எவனும் பேசவில்லை. இனிமேல் எப்படி ஆடுவான் என்பதுதான் பேச்சு. பத்தொன்பதிலேயே இப்படி என்றால் இருபத்தைந்தில் எப்படி இருப்பான் என்று ஏலம் காயவைக்கிற கொட்டகையில் மூட்டிய நெருப்பு அணையும்வரை விவாதிப்பார்கள். சீமைக்குக் கூட்டிப் போவார்கள் என்றான் ஒருவன். சீமையில் குளிர், நெற்றி விறைத்துப்போகும், அனுப்பக்கூடாது என்றான் இன்னொருவன். இரண்டு பேருக்கும் கைகலப்பு ஆகி ஒருத்தனுக்குப் பல் போனது.

இதில் சுருளிக்கு வந்த ஒரே லாபம் கருத்தம்மா. ஒச்சப்பன் கங்காணியின் மகள். ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளாகவே பழக்கம். களை வெட்டுகிறவனுக்குக் கங்காணி பெண் கொடுப்பாரா? பந்துக்காரனுக்குக் கொடுப்பார். தை மாதம் கல்யாணம் என்று அவரே வாயால் சொன்னார். சுருளி அன்றைக்கு என் காலில் விழுந்தான். கோலில் சும்மா நின்றதற்கு யாரும் காலில் விழுந்து நான் பார்த்ததில்லை.

கார்த்திகையில் மதுரைக் கட்சி ஒன்று கீழே போடி ஊருக்கு ஆட வந்தது. கங்காணி எங்களைக் கேட்காமலே ஆள் விட்டு, நாங்களும் ஆடுகிறோம் என்று சொல்லிவிட்டார். சுருளி காய் உலர்த்துகிற கொட்டகைக்கு என்னைத் தேடி வந்தான்.

“அண்ணே, போடியில தரை எந்தப் பக்கம் சாயும்?”

“சந்தைப்பேட்டைடா அது. தண்ணிய ஊத்தினா எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம அங்கேயே நிக்கும்.”

அவன் உட்கார்ந்துவிட்டான். அங்கே காய் பொறுக்கிக்கொண்டிருந்த கருத்தம்மா தலை நிமிரவில்லை.

“தோத்துட்டா எங்கப்பன் என்னையத் தர மாட்டாரு. தப்பித் தவறி ஜெயிச்சுட்டா உன்னைய மதுரைக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்” என்றாள். “நீ எதுக்கு மச்சான் போற?”

போக மாட்டேன் என்று சொல்லுகிற இடத்தில் ஊர் அவனை வைத்திருக்கவில்லை. நான் கங்காணியிடம் போய், களத்தின் சாய்மானத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று வருஷமாக ஒரு பந்தும் பிடிக்காதவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும், போய் மோர் குடி ராக்கையா என்றார்.

ஆட்டத்தன்று மலையே கீழே இறங்கியது. சுருளியின் கால் நோகக்கூடாதென்று நாலு பேர் அவனை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். நாற்காலியில் இருந்தவன் முகம் அறுக்கக் கொண்டுபோகிற சேவலின் முகம் மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் பந்து நேராக வந்தது. யோசிக்கவில்லை, திரும்பவில்லை, வந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு எனக்கு விவரமாகச் சொல்லத் தெரியாது. பந்துகள் வந்தன, போயின. சுருளி ஓடினான், குனிந்தான், ஒரு தடவை எதிராளியின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தான். பதினாலு கோல். பதினைந்தாவதை அவர்களே வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். மதுரைக் கட்சித் தலைவர் அழகுமலை என்னருகில் வந்து, எதற்கும் கண்ணுக்கு ஒரு வைத்தியரைப் பார்க்கச் சொன்னார்.

சரி, வண்டவாளம் தெரிந்துவிட்டது, பெண் போனாலும் நிம்மதியாகக் களை வெட்டலாம் என்று சுருளியும் நினைத்தான், நானும் நினைத்தேன். எங்களுக்கு எங்கள் ஜனங்களைத் தெரியவில்லை.

திரும்பி ஏறுகிற வழியிலேயே தீர்ப்பாகிவிட்டது. பதினாலும் யார் வழியாக உள்ளே போனது? ராக்கையா வழியாக. சுருளி வழியாக ஒன்றாவது போனதா, அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தானே போனது. அதோடு போடித் தரை கோணல் என்றார்கள். மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் ஒரு தரையைப் போட்டு வைத்தால் எந்த மனுஷனால் ஆட முடியும்? அப்படிப்பட்ட தரையில், கருப்பனும் பின்னால் இல்லாமல், பதினாலோடு நிறுத்தினான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆள்.

சுருளி ஒரு பாறைமேல் ஏறி நின்று கும்பிட்டான். எனக்கு ஆட்டம் தெரியாது, ஒருநாளும் தெரிந்ததில்லை, மலை சாய்ந்திருந்ததுதான் ஆடியது என்று தேம்பித் தேம்பிச் சொன்னான். கூட்டம் அமைதியாகக் கேட்டது. இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பேர் வாங்கியும் பிள்ளை என்ன அடக்கம் பாருங்கள் என்றாள்.

அழகுமலை போகும்போது கங்காணியிடம், வெளியே போகிற பந்தை எடுத்துப் போட ஓர் ஆள் தேவை, வேண்டுமானால் இந்தப் பையனை அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். மலை ஏறி முடிப்பதற்குள் அந்தச் சேதி, மதுரையில் பந்து பூராவும் இனிமேல் சுருளி பொறுப்பு என்று ஆகியிருந்தது. மார்கழி முதல் வாரம் வண்டி கட்டி அனுப்பினார்கள். கல்யாணம்? ஆட்டக்காரனுக்கு இந்த வயசில் கல்யாணம் பண்ணினால் கால் கனத்துப்போகும் என்றார் கங்காணி. தை பிறந்தது, போனது.

சித்திரையில் அவன் கடிதம் வந்தது. தோட்டத்தில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதில், என்னைக் களத்துக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள், பந்து முள்ளுக்குள் போனால் எடுக்கிறேன், கருத்தம்மா சௌக்கியமா என்று யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தான். ஓர் எழுத்து மாற்றாமல் சத்தமாகப் படித்தேன். உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் பெரிய ஆட்டத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று கங்காணி விளக்கம் சொன்னார். அதற்குள் அவர் கீழே தேவாரம் ஊரில் நிலம் வைத்து உழுகிற ஒரு சம்சாரி வீட்டில் கருத்தம்மாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். சுருளி இனி எங்கேயோ போகிறவன், அவனை எதிர்பார்த்துப் பெண்ணை வைத்திருக்க முடியாது என்பது அவர் கணக்கு. கருத்தம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவர் தானும் சாப்பிடாமல் கிடந்து நாலாவது நாள் ஜெயித்தார்.

நான் பதில் எழுதினேன். வைகாசி பன்னிரண்டு முகூர்த்தம், வெரசா வா என்று மட்டும்.

வந்தான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பகல், மதுரையிலிருந்து நடந்தே வந்து, காலெல்லாம் வெடித்து, பந்தலுக்குள் நுழைந்தான். கொட்டுக்காரர்கள் அவனைப் பார்த்ததும் கல்யாணக் கொட்டை விட்டுவிட்டு வரவேற்புக் கொட்டு அடித்தார்கள். கங்காணி ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய சோலியிலும் என் மகளை ஆசீர்வாதம் பண்ண வந்தானே என்று எல்லோரிடமும் காட்டினார்.

சுருளி அவரை விலக்கி நிறுத்தினான். கொட்டு நின்றது.

“மாமா, நான் பந்து பொறுக்குறேன். அம்புட்டுத்தான். எனக்குப் பழையபடி அரிவாளக் குடுங்க, கருத்தம்மாளக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் பேச முடியாது. கங்காணி அவனையே பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது, புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

“அம்புட்டுப் பேரையும் புகழையும் எம் மகளுக்காக விட்டுட்டு வந்து நிக்கிறியேப்பா” என்றார். “இத நான் ஒத்துக்கிட்டேன்னா இந்த மலை என்னைய மன்னிக்குமா?”

மன்னிக்காது என்று மலை ஒரே குரலில் சொன்னது. தேவாரத்து மாப்பிள்ளை எழுந்து வந்து தன் நெற்றியைச் சுருளி நெற்றியோடு ஒட்டவைத்துக்கொண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, நல்ல பையன்தான். கருத்தம்மா உள்ளேயிருந்து வாசல் வரைக்கும் வந்து என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். உடனே நாலைந்து பேர் திரும்பி, பதினாலு விட்டவன் பேசுகிறான் என்றார்கள்.

அவனுக்கு முதல் பந்தியில் முதல் இலை போட்டார்கள். சாப்பிட்டானா என்று நான் கவனிக்கவில்லை. கை கழுவியதும் மாலை போட்டு, வெடித்த காலுக்கு விளக்கெண்ணெய் தடவி, அதே நாற்காலியில் தூக்கிக் கீழே கொண்டுபோனார்கள். வழியெல்லாம் வாழ்த்துச் சத்தம். அதற்கு நடுவே அவன் எதையோ சொல்லிக்கொண்டே போனான். என்ன சொன்னான் என்பது யார் காதிலும் விழவில்லை.