மூன்று மாதத்தில் கிழிந்த புஷ்

1

அக்கா போனில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது இந்தக் கதை: “புது ரப்பர் எப்படிடி மூணே மாசத்துல கிழியும்?”

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாதது. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். அங்கே அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இருபது வயதான காரின் முன்பக்கப் புஷ்களை அவளே பார்த்துப் பார்த்து மாற்றியிருந்தாள். இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் மறுபடி ‘டொக்’.

2

புஷ் என்றால் என்னவென்று சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கிற ரப்பர் உருளை அது. நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதற்குள் போல்ட். போல்ட்டை இறுக்கியதும் குழாய் அசையாது. வெளி விளிம்போ கையோடு சேர்ந்து அசையும். இடையில் மாட்டிக்கொண்ட ரப்பர் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கும். (‘சுழலும்’ என்றுதான் முதலில் எழுதினேன். “ஒரு ஸ்பானர் எடுத்துக் குடுக்கத் தெரியாது, கதை மட்டும் எழுது” என்று அக்கா அடித்துத் திருத்தினாள்.)

3

மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம். நடைப்பயிற்சிக்கு வாரம் இருமுறை காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒவ்வொரு டொக்குக்கும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். போன வாரம், “இனிமே நான் வரல, விட்டுடு” என்றுவிட்டார். பயிற்சியை விட்டால் பழைய நடை வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

[இங்கே ‘மாமாவின் கண்களில் நீர்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி… வேண்டாம். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான்.]

4

முதல் வரைவில் விடையைச் சொன்னவர் ஒரு மெக்கானிக். பெரிய மீசை கூட வைத்திருந்தேன். பாவம், அவரை அனுப்பிவிட்டேன். நான் பார்த்தது வேறு.

படுத்திருந்த மாமாவுக்கு அக்கா இடுப்புப் பட்டையைக் கட்டி, மெல்லத் தூக்கி உட்காரவைத்தாள்.

“வெட்டுது,” என்றார்.

“இப்பதான சரியா இருக்குன்னீங்க?”

“படுத்திருந்தப்ப சரியாத்தான் இருந்துச்சு. உக்காந்தா உடம்பு வேற மாதிரி ஆயிடுதுல்ல. அவுத்துட்டு இப்பக் கட்டு.”

அக்கா பட்டையைப் பிடித்தபடியே நின்றாள்.

“என்ன அப்படிப் பாக்குற? புருஷன் மேல திடீர்னு பாசமா?”

“சும்மா இருங்க. காரைத் தூக்கி, சக்கரத்தைத் தொங்க விட்டுல்ல நான் போல்ட்டை இறுக்கினேன்.”

5

மாமா மறுபடி பயிற்சிக்குப் போன வியாழக்கிழமைப் பயணத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் மாமா பாதி வழியிலேயே தூங்கிப்போகிறார். இன்னொன்றில், “இந்த வேகத்துக்கு நான் நடந்தே போயிடுவேன்” என்று அக்காவை வம்புக்கு இழுக்கிறார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் நீங்களே ஒன்று எழுதுங்கள்.

போல்ட்டை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் சக்கரம் கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆகவே புது புஷ்ஷைப் போட்டு, போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் கனத்த மரக்கட்டைகளை வைத்து வண்டியை அவற்றின் மேல் இறக்க வேண்டும். முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அக்கா அப்படித்தான் இறுக்கினாள். சத்தம் நின்றுவிட்டது.