கடைமடை

உள்ளறைத் தரையை வெட்ட லுகினா மறுபடியும் மண்வெட்டியை ஓங்கியபோது அவன் மனைவி நின்கல்லா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மண்வெட்டி அந்தரத்தில் நின்றது.

"எழுந்திரு" என்றான் புருஷன்.

"மாட்டேன்."

"தலையில பட்டிருக்கும்."

"படட்டும்."

முன்னறையில் அவனுடைய அப்பா தாதாகா நாணல் பாயில் சுருட்டப்பட்டுக் கிடந்தார். விடியும்போது உயிர் போயிற்று. வெயில் ஏறிவிட்டது. ஈக்கள் வந்துவிட்டன. தெருக்காரர்கள் வரவில்லை. உம்மா நகரத்தின் பெரிய வாய்க்காலில் தாதாகா மடைக்காரராக இருந்தவர். பேரீச்சம்பழமும் பார்லி மதுவும் கொண்டுவந்து வைத்தவர்களின் வயலுக்கு மடைப் பலகையைத் தூக்கினார். கொண்டுவராதவர்களின் கதிர் பால் பிடிக்கும்போதே காய்ந்தது. அப்படிக் காய்ந்தவர்கள்தான் இந்தத் தெருவில் அதிகம்.

லுகினாவின் அக்கா கெமெலம்மா அறை வாசலில் வந்து நின்றாள். அழுது முடித்து, முடியைக்கூட அள்ளி முடியாமல் வந்திருந்தாள்.

"பொணத்தை வச்சுக்கிட்டு இங்க என்னடி கூத்து?"

"இங்க வெட்ட விடமாட்டேன், மதினி. நடு அறையில அத்தையைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல வையுங்க."

"அவரே கேட்ட இடம்டி இது. சாரா சாமி மேல எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினாரு."

"இங்க யாரு இருக்கான்னு அவருக்குத் தெரியும்."

"யாரு இருக்கா? பேருகூட வைக்காத பொட்டப்புள்ள. அதுக்குப் போயி இந்த ஆட்டம்."

நின்கல்லா தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அடியில் எண்ணெய்ச் சாடி ஒன்று, அதற்குள் குழந்தை. வாயைக் கீல் பூசி அடைத்ததும் அவள்தான், இந்தத் தரையை உடைத்ததும் அவள்தான். அன்றைக்கு மாமனார் சொன்னது: "வாய் பேசாததுக்கு வீட்டுக்குள்ள குழி எதுக்கு? வாய்க்கா நாணல்ல போட்டுட்டு வா." அவர் மடைக்குப் போன நேரம் பார்த்து அவள் வேலையை முடித்தாள். திரும்பி வந்தவர் புது மண்ணைப் பார்த்தார். அதன்மேல் துப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அவள் இந்த மூலையில் தண்ணீர் ஊற்றினாள். ஊற்ற ஆளில்லாத செத்தவர்கள் தெருத்தெருவாக அலைந்து எச்சில் பொறுக்குவார்கள் என்பது ஊருக்கே தெரியும். பெயர் இல்லாததால் கூப்பிட முடியவில்லை. பேசாமல் ஊற்றுவாள்.

"செத்தும் என் புள்ள தலைமேல ஏறி உக்காரணுமா அவருக்கு?"

"உக்காந்தா என்ன? அவரு கட்டின வீடு."

"இருந்த வரைக்கும் உக்காந்தது போதாதா?"

"பேச்சைப் பாரு. கேட்டியாடா? அப்பா இன்னும் மண்ணுக்குள்ள போகல, உன் பெண்டாட்டி நாக்கு எவ்வளவு நீளத்துக்குப் போகுது!"

லுகினா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். எப்போதும்போல இப்போதும் ஒன்றும் சொல்லமாட்டான் என்றுதான் நின்கல்லா நினைத்தாள்.

"அப்பா வேற ஒண்ணும் சொன்னாரு" என்றான்.

"நீ சும்மா இரு" என்றாள் கெமெலம்மா.

"என்ன சொன்னாரு?"

"படுக்கையில கெடந்துக்கிட்டு உன்னையே பாத்துட்டு இருந்திருக்காரு. 'உன் பெண்டாட்டி ஒரு அமாவாசையும் தவறலடா'ன்னாரு. 'உங்க அம்மாவுக்கு நீங்க ரெண்டு பேரும் ஊத்தின லட்சணத்தையும் பாத்தேன். அவளுக்குத் தண்ணி ஊத்துற குழாய் வாயில வெங்காயத்தைக் குவிச்சு வச்சிருக்கீங்க. என்னை அங்க போட்டா நாக்கு வறண்டு சாவேன்'னாரு."

"செத்தப்புறம் எங்க சாகுறது" என்றாள் கெமெலம்மா. சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றுவிட்டது.

 அவர் வீம்புக்காகக் கேட்டார் என்று நின்கல்லா நினைத்திருந்தாள். வீம்பு இல்லை. எந்த வரப்பு எப்போது ஈரமாகும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. நேற்று ஈரக் கம்பளியை அவர் வாயில் பிழிந்தபோது அவள் விரலைக் கடித்தார். பல் பதிந்த இடம் இன்னும் வலித்தது. கடித்துக்கொண்டே, அவளை விடாமல், குடித்தார்.

"இனிமே நான் ஊத்தலைன்னா?"

கெமெலம்மா அவளுக்கு எதிரே வந்து குந்தினாள். குரல் தணிந்திருந்தது. திட்டும்போது இருந்ததைவிட அது மோசமாக இருந்தது.

"ஊத்தாம இருந்துடுவியா நீ? இரு, பாக்கலாம். உன் புள்ள காயட்டும்."

 முன்னறையிலிருந்து ஈக்களின் சத்தம் கேட்டது.

நின்கல்லா எழுந்தாள். சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்து, மூலையிலிருந்து தள்ளி, அறையின் தரை கொஞ்சம் சரியும் பக்கத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

"இங்க வெட்டுங்க. இதுக்கு மேல ஒரு கொத்துகூட வரக்கூடாது. சாடி மேல கெடக்கட்டும், அவரு கீழ. அது குடிச்சு மிச்சம் இருந்தா அவருக்கு."

"கடைமடையிலயா?" கெமெலம்மா கத்தினாள். "மடைக்காரரைக் கடைமடையிலயா வைக்கச் சொல்ற?"

"இந்தத் தெருவே அங்கதான் கெடந்துச்சு, மதினி."

"டேய், உனக்கு வாய் இல்லையா? சொல்லுடா!"

லுகினா அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தான். பிறகு அதற்குக் கீழே வெட்டத் தொடங்கினான்.

தூக்க ஆள் வராததால் மூன்று பேரும்தான் தூக்கினார்கள். கால்பக்கம் நின்கல்லா பிடித்தாள். எலும்பாகக் கிடந்தவர் எதிர்பார்த்ததைவிடக் கனத்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்காலை மடக்கினார்கள். கெமெலம்மா ஒரு கிண்ணத்தை அவர் கையில் செருகி, உதட்டருகே கொண்டுபோய் வைத்தாள். கிண்ணம் சரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சரிந்தது. நின்கல்லா குனிந்து, கிண்ணத்துக்கு அண்டையாக ஒரு கை மண்ணை ஒதுக்கிவிட்டாள். 

லுகினா மண்ணைத் தள்ளி மிதித்தான்.

"முதல் தண்ணி வீட்டு மருமகதான் ஊத்தணும்" என்றாள் கெமெலம்மா. அவள் கண் மூலையிலேயே இருந்தது.

நின்கல்லா குவளையை வாங்கினாள். சாடி இருந்த இடத்தில், எப்போதும் ஊற்றுகிற அளவுக்கு மெல்ல ஊற்றினாள். கோடைத் தரை உறிஞ்சிக்கொண்டது. ஈரம் கறுப்பாகப் பரவி, சரிவில் இறங்கி, புது மண்ணுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குவளை காலியாக இருந்தது.

"அவருக்கு எட்டல" என்றாள் கெமெலம்மா. இந்தத் தடவை அவள் குரலில் சண்டை இல்லை.

 நின்கல்லா குவளையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பானையில் முக்கினாள். குவளை நிறைந்தது. நிறைந்த பிறகும் கையை வெளியே எடுக்காமல், குனிந்தபடி, அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.