நெஞ்சு இறகு

செவலைக்கோழியைக் காணாமல் தேடிய ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ராபின் வீட்டில் கறிக்குழம்பு கொதித்தது. அவன் நேரம் அப்படி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நாலு அறை கட்டி, மேலே சிமென்ட் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களை நம்பி எங்கள் ஊரில் வயல் வைத்திருக்கிற எல்லோரும் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். கடைசி அறையில் ராபினும் அவன் மனைவி ஏஞ்சலினும் இருந்தார்கள். ஒடிசாக்காரர்கள். அவனுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை, அவளுக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியில். இரண்டு வருஷத்தில் அவர்கள் குரல் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டதில்லை. ஆனாலும் என் மாமியார் கெங்கம்மாளுக்கு அவர்கள் 'இந்திக்காரங்க'தான். அவர்கள் பேசுவது ஒடியா என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "எந்த எழவா இருந்தா இன்னா" என்றார்.

கோழி மாமியாருடையது. கோழி அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும். மாமியாருக்கு முட்டை நிற்கக் கூடாது. செவலை முதல் முறை அடைக்கு உட்கார்ந்தபோது பக்கெட் தண்ணீரில் மூன்று முக்கு முக்கி, காலில் கயிறு கட்டி வெயிலில் போட்டார். அடுத்த முறை அதற்கும் அடங்காமல் போகவே, அதன் இறகு ஒன்றையே பிடுங்கி மூக்குத் துளையில் குறுக்கே செருகிவிட்டார். தலையை உதறி உதறி இரண்டு நாள் அலைந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத மருமகள் என்று எனக்கு இந்தத் தெருவில் நல்ல பெயர்.

மூன்றாம் முறை கோழி உஷாராகிவிட்டது. சித்திரை முடிகிற சமயம், "முட்டயே வெக்க மாட்டேங்குது, எவ கண்ணு பட்டுச்சோ" என்று மாமியார் புலம்ப ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான் திருவாலங்காட்டில் கோழிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். முட்டை வைக்காத கோழிக்குக் கொண்டை வெளிறிப்போகும். இதற்கு நல்ல சிவப்பாக இருந்தது. எங்கோ ஒளிவாக வைத்துச் சேர்க்கிறது, சேர்ந்ததும் உட்காரும் என்று புரிந்துவிட்டது. அப்போது நான் சொல்லாததற்குக் காரணம் கோழி மேல் இருந்த இரக்கம்தான். எந்தச் சாமி முன்னாலும் இதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படிச் சத்தியம் செய்ய முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் செவலை கூட்டுக்கு வரவில்லை. ஞாயிறு காலையில் தெரு முழுக்கக் கூப்பிட்டு அலைந்த மாமியார், கடைசி அறைக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லருகே வந்து நின்று அலறினார். கல்லைச் சுற்றி ஏழெட்டுச் சிவப்பு இறகுகள் கிடந்தன. உள்ளே குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது.

என் வீட்டுக்காரர் மோகன்ராஜ் பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்தார்.

"டேய் ராபின், வெளிய வாடா! கோழி எங்கடா?"

"எந்தக் கோழி அண்ணா?"

"துன்னத் தெரியுது, எந்தக் கோழின்னு தெரியாதா?"

ராபின் உள்ளே ஓடிப்போய் ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து காட்டினான். "கடையில வாங்கினது அண்ணா. பிராய்லர். வந்து சட்டியப் பாருங்க."

"கொழம்புல கெடக்கறதப் பாத்து இன்னாத்தக் கண்டுபுடிக்கறது? ரெக்கை பேசுது பாரு" என்றார் மாமியார்.

நான் குனிந்து ஓர் இறகை எடுத்தேன். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அத்தனையும் நெஞ்சு இறகு. கோழியை அறுத்து உரித்திருந்தால் சிறகும் வாலும் அல்லவா கிடக்கும்? அடைக்கு உட்காருகிற கோழிதான் முட்டைக்குச் சூடு நேராகப் படட்டும் என்று தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிப் போடும். கல்லுக்கு நாலடி தள்ளி, சுவரில் சாய்த்துவைத்த உடைந்த ஷீட்டுகள் இருந்தன. அதற்குப் பின்னால்தான் இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது.

சொல்லவில்லை. என் தம்பி சரவணனுக்கு அப்போதுதான் சிப்காட்டில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்திருந்தது. திருவாலங்காட்டில் ரயில் ஏறிச் சென்னை போய், அங்கே வேறு ரயில் பிடித்துத் தினமும் வந்துகொண்டிருந்தான். மூன்று நாள் லேட்டாகிவிட்டது. இன்னொரு நாள் ஆனால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். ஓர் அறை கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். "காலி இல்லியே கல்பனா, யாரத் தொரத்தறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இப்போது கல்லைச் சுற்றிக் கிடந்தது.

ஏஞ்சலினும் ஓர் இறகை எடுத்துப் பார்த்தாள். அவளும் கோழி வளர்த்த ஊர்க்காரிதான் போலிருக்கிறது. நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இது இங்க இருக்கற இறகு." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "கோழி எங்கயோ முட்டை மேல உக்காந்திருக்கு. உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்க அக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவள் என்னை நம்பமுடியாமல் பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள். "இருபது நாள் டைம் குடுங்கம்மா. குஞ்சோட வரும். வரலன்னா நாங்களே போயிடறோம்."

"பாத்தியா சாமர்த்தியத்த! இன்னும் இருபது நாளு இருந்து மிச்சக் கோழியும் துன்னலாம்னு பாக்கறா" என்று மாமியார் கை தட்டிச் சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமையே அறை காலியானது. கோழித் திருடன் என்கிற பெயர் அவர்களுக்கு முன்னாலேயே தெருமுனைக்குப் போய்விட்டதால் ஊரில் வேறு யாரும் அறை கொடுக்கவில்லை. ராபின் கேஸ் அடுப்பையும் அவள் பாய்ச்சுருட்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து அறைக்காரர்தான் பிறகு சொன்னார்: ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ராபினோடு வேலை செய்கிற ஆறு ஆண்கள் இருக்கிற அறையில் ஒரு மூலையைத் தடுத்துக்கொண்டு இருக்கிறார்களாம். அட்டைப்பெட்டிக் கம்பெனி வேன் அங்கே போகாது என்பதால் அவள் வேலையும் போயிற்றாம்.

வியாழக்கிழமை சரவணன் பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

மறுநாள் மத்தியானம் மாமியார் தூங்கும்போது செவலையை என் கண்ணாலேயே பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஷீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தது; அவசர அவசரமாகக் கொத்தித் தின்றது, தண்ணீர் குடித்தது, பெரிதாக ஒரு பீ போட்டது, திரும்ப ஓடிவிட்டது. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். ஆள் அனுப்பி ராபினைக் கூப்பிட்டிருக்கலாம். நான் செய்தது, தினமும் அந்த நேரத்துக்கு ஒரு கை நொய்யரிசியும் கொட்டாங்கச்சியில் தண்ணீரும் வைத்தது. வாயில்லாத ஜீவனுக்குச் செய்கிற புண்ணியம் என்று அதற்குப் பெயர் வேறு வைத்துக்கொண்டேன். மானங்கெட்ட புண்ணியம்.

காணாமல் போன நாளிலிருந்து சரியாக மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் செவலை பத்துக் குஞ்சுகளோடு முற்றத்துக்கு வந்தது.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "அடி கள்ளி! எங்கடி போய் ஒளிஞ்சுகினு இருந்த?" என்று கொஞ்சினார். மோகன்ராஜ் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். பார்க்க வந்தவர்கள் குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். யாராவது அந்தப் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"அப்ப ராபின் எடுக்கலயே அத்த?"

மாமியார் ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார். "இத எடுக்கல. வேற எதுனா எடுத்திருப்பான். போனவனப் பத்தி இப்ப இன்னாத்துக்கு? உன் தம்பி வந்த நேரம், போன கோழி பத்தா திரும்பி வந்துச்சு. ராசியான புள்ள" என்றார்.

சாயங்காலம் ராசியான பிள்ளை வேலையிலிருந்து வந்தான். குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அக்கா, அடைக்கு இருபத்தோரு நாளுதான?"

"ஆமா."

"அப்ப அவங்க இருக்கசொல்லவே உக்காந்துகினு இருந்திருக்கு."

நான் முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. என் பொய் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தூவென்று துப்பிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். போனால் தேவலை என்றும் இருந்தது.

"நாளைக்கு ஆறு மணி ஷிப்டுக்கா. நாஷ்டா கொஞ்சம் சீக்கிரமா செஞ்சிடு" என்று சொல்லிவிட்டு, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.