பதினோராம் பக்கம்

"இந்தப் பாட்டுக்கு முடிவெண்டு ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

வேலிக்கு அப்பால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு யாகப்பு ஒருநாள் இப்படிக் கேட்டார். மாக்கிறேற் கீபோட்டை அப்படியே விட்டுவிட்டுக் அடுப்படிக்குள் போய் ஒளித்துக்கொண்டாள்.

அவர் கேட்டதில் பிழையில்லை. நாற்பத்தொரு வயதில் கீபோட் பழகத் தொடங்கியவள் அவள். புத்தகத்தின் பதினோராம் பக்கத்து மெட்டோடு எட்டு மாதமாக மல்லுக்கட்டுகிறாள். நடுவில் ஓரிடத்தில் இடக்கைச் சின்னவிரல் ஒரு கறுப்புக் கட்டையில் விழவேண்டும். விழாது. உடனே கையை எடுத்து முதலிலிருந்து தொடங்குவாள். முதற்பாதியை அந்த ஒழுங்கைச் சனமே விசிலடித்தது. பின்பாதியைத் துண்டுதுண்டாகப் பழகியிருந்தாளே தவிர, அவளே நேராகக் கேட்டதில்லை.

"குறிகட்டுவான் துறையில வெளிக்கிட்ட லோஞ்ச் பாதிக் கடலில திரும்பித் திரும்பி வந்தால், சனம் எப்ப நயினாதீவுக்குப் போய்ச் சேருறது?" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் யாகப்பு சொல்லிச் சிரிப்பார்.

இந்த நிலையில்தான் பங்குக் கோயில் மண்டபத்தில் பழகுகிறவர்களின் இசை நிகழ்ச்சி வந்தது. அவளுக்குக் கீபோட் பழக்குகிற, அவளுடைய வயதில் பாதிகூட ஆகாத நிமலினி ரீச்சர் அவள் பெயரையும் எழுதிவிட்டாள்.

"எனக்கு ஏலாது ரீச்சர். சின்னப் பிள்ளையளுக்கு நடுவில பனை மாதிரி நிப்பன்."

"நல்லதுதானே, பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கும் தெரியும். இஞ்ச பாருங்கோ அக்கா, வீட்டில எண்டால் திரும்பத் தொடங்கலாம். மேடையில ஏலாது. அதுக்காகத்தான் ஏறச் சொல்லுறன்."

நிகழ்ச்சியன்று அவளுக்கு முன்னால் வாசித்த எட்டு வயதுப் பிரியவதனி மூன்று இடத்தில் பிழைவிட்டு, நாக்கைக் கடித்து, நிற்காமல் ஓடி முடித்தாள். மண்டபம் கைதட்டியது.

மாக்கிறேற் போய் அமர்ந்தாள். முதற்பாதி தானாக ஓடியது. கறுப்புக் கட்டை வந்தது. விரல் சறுக்கிற்று. கைகள் பழக்கத்தில் மேலே எழும்பின.

கடைசிக் கதிரையில் இருந்த யாகப்பு, திரும்பவும் முதல் வரிக்குத் தலையாட்ட ஆயத்தமாகக் கழுத்தை நிமிர்த்துவதைக் கண்டாள். அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

இண்டைக்கு லோஞ்ச் திரும்பாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கைகளை அடுத்த வரியில் வைத்தாள். பிறகும் இரண்டு பிழை வந்தது. வந்தால் வரட்டும் என்று போய்க்கொண்டே இருந்தாள். கடைசிக் கட்டையை அழுத்தியபின் கையை எடுக்க மனம் வரவில்லை.

முன்வரிசைப் பிள்ளையொன்று கேட்டது: "அன்ரி, முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது!" என்றாள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத மாக்கிறேற். மண்டபமே கைதட்டலில் அதிர்ந்தது.

மறுநாள் பின்னேரம் அதே பக்கத்தை வாசித்தாள். அதே இடத்தில் விரல் சறுக்கியது. நிற்காமல் வாசித்து முடித்துவிட்டு, யாகப்பு சொல்லப்போகிற பகிடிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

யாகப்பு வலையைத் தோளில் போட்டார். வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பின்பாதியை விசிலடித்தபடி, அவள் விட்ட பிழையையும் விடாமல் சேர்த்து, கடற்கரைப் பக்கம் நடந்தார்.