டாக்டர் கூனாஸ்டின் இடக்கை

ஜெர்மனி போரில் தோற்ற அந்தக் கோடையில், "தொழிற்சாலையில் என்ன செய்தீர்கள்?" என்று அமெரிக்கர்கள் முதலில் கேட்டபோது, துரிங்கியாவின் அந்த ஊர் முழுவதும் தான் தரை பெருக்கியதாகச் சொன்னது. இயந்திரங்களோடு அவற்றைக் கண்டுபிடித்தவர்களையும் குடும்பத்துடன் அமெரிக்காவுக்கு அள்ளிப் போகிறார்கள் என்று தெரிந்த மறுவாரமே துடைப்பம் பிடித்தவர் ஒருவரும் மிச்சமில்லை. அத்தனை பேரும் மேதைகள்.

தொழிற்சாலைப் பொறியாளர் டாக்டர் லெபரெக்ட் கூனாஸ்டுக்கு அவசரம் வேறு. அந்த வட்டாரத்தை ருஷ்யர்களிடம் விட்டுவிட்டு அமெரிக்கர்கள் கிளம்பப்போவதாகப் பேச்சு. மனைவி ஆடல்ஹைடின் நுரையீரல் இங்கே இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது. லாரியில் இடம் கிடைத்தாக வேண்டும். ஆகவே, ஆய்வுக்கூடத்திலிருந்த சிறிய எரிபொருள் பம்பு தன் மூளையில் உதித்தது என்றார்.

உதித்தது அங்கே கட்டாய வேலைக்கு வைத்திருந்த மரோஸ்ஸெக் என்ற போலந்துக் கைதியின் மூளையில். அவன் பிப்ரவரியில் பட்டினியில் செத்துப்போனான். டாக்டர் மேற்பார்வை பார்த்தார். அங்கே அதற்குப் பெயரும் கண்டுபிடிப்புதான்.

ஜெர்மன் பேசத் தெரிந்த கேப்டன் டில்மன் பம்பைச் சுற்றி வந்தார். கைப்பிடி, திருகு, வால்வு எல்லாமே இடப்பக்கம்.

"நீங்க இடதுகைக்காரரா, டாக்டர்?"

செத்தவன் இடதுகைக்காரன். "பொறந்ததுலேர்ந்தே," என்றார் டாக்டர்.

இடக்கையால் எழுதிய பிள்ளையைப் பிரம்பால் அடித்தே வலக்கைக்கு மாற்றிய பள்ளிக்கூடங்கள் அவர் காலத்தவை. அவற்றிலிருந்து ஓர் இடக்கை டாக்டர் தப்பி வந்திருந்தால், பம்பை விட அதுதான் அதிசயம். கேப்டனுக்கு அதெல்லாம் தெரியாது. லாரியில் இடம் கொடுத்தார்.

அமெரிக்கர் வசமிருந்த பவேரியாவில் ஒரு விடுதியில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். மூன்று வேளையும் கேப்டனோடு ஒரே மேசை. ஆகவே மூன்று வேளையும் இடக்கை.

"சூப்பு வாய்க்கா, சட்டைக்கா, மேதையே?" என்று ஆடல்ஹைட் காதோரம் கிண்டல் செய்வாள். நாளாக ஆகச் சிந்துவது நின்றது. கை பழகிவிட்டது என்று டாக்டருக்குப் பெருமைகூட வந்தது.

ஒரு மதியம் அவள் கிண்டல் செய்யவில்லை. "சோத்தாங்கைய எதுக்குத் தட்டச் சுத்தி வளச்சு வெச்சிருக்கீங்க? யாரு புடுங்கப் போறா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். வலக்கை வேலிபோலத் தட்டை வளைத்திருந்தது. முகம் தட்டுக்கு ஒரு சாண் மேலே. கரண்டி ஓட்டமாய் ஓடிக்கொண்டிருந்தது. இடக்கையால் சாப்பிட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அப்படிச் சாப்பிட்டு அவர் ஆயுளில் பார்த்தது ஒரே ஒருவனை, ஆய்வுக்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

வலக்கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"பாவம், நல்ல பசி போல," என்று கேப்டன் எழுந்து வந்து இன்னொரு கரண்டி ஊற்றினார். கை இன்னும் இறுக்கி வளைத்தது.