நாத்தனார் வீட்டு மலைக்காற்று

பாசம் சும்மா வந்தால் நான் நம்ப மாட்டேன். என் நாத்தனார் ஜானட்டுக்குக் குழந்தை இல்லை. ஜவ்வாது மலையில், பஸ் ஒரு வேளை மட்டும் வருகிற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். "பெனிஷாவ ஒரு வருசம் எங்கிட்ட வுடுங்க, இங்க படிக்கட்டும்" என்று என் மகளைக் கேட்டு போனுக்கு மேல் போன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

என் வீட்டுக்காரர் ஃப்ரெடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அக்கா சொன்னால் அவருக்கு வேதவாக்கு. "இன்னாடி உனுக்கு? எண்ணூர்லயே கெடந்தா புள்ளைக்கு இழுப்பு நிக்கவா போவுது?" என்றார். டாக்டரும் புகை இல்லாத இடமாகப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தார். சரி, போவோம், ஆனால் மகளோடுதான் திரும்புவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பெனிஷாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே ஏறினோம். கரியும் கேஸும் நாறாத காற்று. அதையே என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுக்குள் போனால் எல்லாம் தயார். பெனிஷாவுக்குத் தனிக் கட்டில், அவள் அளவுக்குப் புது ஸ்வெட்டர். ஸ்கூலிலும் பேசியாகிவிட்டதாம்.

"யாரக் கேட்டுப் பேசுனீங்க?" என்றேன். ஜானட் ஸ்வெட்டரை மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். அமுக்குணி!

சாப்பிட்டதும் பெனிஷா அந்தக் கட்டிலில் தூங்கிப்போனாள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறை அலமாரியை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று உறைத்தது. உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை.

கைக்குழந்தையிலிருந்தே அவள் தூங்கினால் நெஞ்சு விசில் அடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நான் சமைப்பேன், துவைப்பேன், கண்ணை மூடுவேன். அது நின்று நான் கேட்டதே இல்லை.

"ஐயோ மாதாவே! எம்புள்ளைக்கு இன்னாத்தக் குடுத்தீங்க?" என்று அலறிக்கொண்டு ஓடி அவளை உலுக்கினேன்.

பெனிஷா கண்ணைக் கசக்கினாள். "இன்னாமா நீ, நல்லாத் தூங்கிகினு இருந்தேன்" என்று சிடுசிடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவள் முதுகில் காதை வைத்தேன். மூச்சு போனது, வந்தது. துளி இழுப்பு இல்லை.

ஜானட் கதவருகே நின்றாள். அவள் மேல் எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

"வெச்சிக்கோங்க அண்ணி" என்றேன். "ஆனா அவ உங்கள அத்தைன்னுதான் கூப்புடணும். ஒரு நாளும் வேற மாதிரி கூப்புட வுடாதீங்க."